பழைய பட்டாள லாரி

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. போருக்கு வந்த லாரிகள் பல, பிறகு விற்கப்பட்டன. கனடாவில் செய்த போர்டு, செவர்லே லாரிகளும் அவற்றில் உண்டு. கேரள மலைகளில் அவை தடி இழுத்தன. எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுற்றும். அதனால் சேற்றிலும் ஏறும்.

இப்படிப்பட்ட பழைய லாரியைப் பழுது பார்க்கும்போது, எஞ்சின் ஓடினால் மட்டும் போதுமா? போதாது. முதலில் பிரேக்கைப் பாருங்கள். ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். பிரேக் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கலாம். ஈரம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கெட்டதை எல்லாம் மாற்ற வேண்டும்.

ஓட்டும்போதும் கவனம் தேவை. கியர் மாற்றக் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். இறக்கம் வருமுன்பே சிறிய கியருக்கு வர வேண்டும். நடுவில் கியர் விழாவிட்டால் முழுப் பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டும்.

லாரி ஓடினால் போதாது. சொன்ன இடத்தில் நிற்கவும் வேண்டும்.