ஆவணியில் கிடா, தையில் குட்டி: ஆடு வளர்ப்போருக்குச் சில குறிப்புகள்

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் பஷ்மினா ஆடுகள் பகல் சுருங்கும் மாதங்களில் இணைசேர்ந்து, கடுங்குளிர் விலகும் நேரத்தில் குட்டி போடுகின்றன. காஷ்மீர் சால்வைக்குக் கம்பளி தருபவை அந்த ஆடுகள்தாம். அங்கே குட்டிப் பருவத்தைச் சூரியனே முடிவு செய்துவிடுகிறது. பேராவின் பாகான் செராயில் அந்த ஏற்பாடு இல்லை. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் காச்சாங் ஆடும் ஜம்னாபாரி, போயர் கலப்பும் எந்த மாதத்திலும் சினை பிடிக்கும். தோட்டத்து ஓரத்தில் ஐந்தாறு ஆடு வைத்திருப்பவர்கள் பலர் கிடாவை மந்தையோடு விட்டுவிடுகிறார்கள். கொட்டுகிற மழையில், நள்ளிரவில், ஈரத் தரையில் குட்டி விழுகிறது. பிறந்து இரண்டு நாளுக்குள் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். பருவத்தை நாமே அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆவணி முதல் தேதி கிடா சேர்த்தால் கணக்குப்படி தைப்பொங்கலை ஒட்டிக் குட்டி. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, பேராவில் தரை காயும் மாதங்கள் அவை. தையில் பிறந்த குட்டி தீபாவளிக்குள் ஒன்பது மாத வளர்ச்சி கண்டுவிடும். இதற்குக் கிடாவைத் தனியாகக் கட்டிவைக்க வேண்டும். சேர்த்த தேதியை வீட்டு நாள்காட்டியிலேயே ஆட்டின் பெயரோடு எழுதிவையுங்கள். ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அது தன் மகளோடேயே சேரும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேறு வீட்டுக் கிடாவோடு மாற்றிக்கொள்வது நல்லது.

2. கிரியான் வட்டாரம் வயல் நிலம். களிமண்ணில் ஈரம் எளிதில் போகாது. பரண் கொட்டகைதான் நமக்குச் சரி. ஆனால் பெரிய ஆட்டுக்கு ஏற்ற சட்ட இடைவெளியில் குட்டியின் குளம்பு மாட்டிக்கொள்ளும். குட்டி போடும் மூலையில் மட்டும் பலகை போட்டு, மேலே காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தைத் தார்ப்பாயால் மறைக்கலாம்; மேலே காற்று போக வழி விடுங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் குட்டிக்குச் சளி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. வயிற்றுக் குட்டி பெரிதாக வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான். இரட்டைக் குட்டி இருந்தால் இரைப்பைக்கு இடம் குறைந்து, ஆட்டால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை கொடுங்கள். செம்பனைப் புண்ணாக்கை ஒரு கைப்பிடியில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். கொட்டகையில் செம்மறியும் இருந்தால் அதற்கு இந்தப் புண்ணாக்கைத் தாராளமாகப் போடாதீர்கள். இதிலுள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்து அதைக் கொல்லும். வெள்ளாடு அதைவிடத் தாங்கும். நிறைசினை ஆடு தீனியை ஒதுக்கிவிட்டு, மந்தையை விட்டு விலகி, தலை தொங்க நின்றால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை வெல்லப்பாகு கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். கொழுத்த ஆட்டுக்கும் இப்படி ஆகலாம் என்பதை மறக்காதீர்கள்.

4. பனியோடு புல் அறுக்காதீர்கள். குடற்புழுவின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்போது புல்லின் நுனிவரை ஏறி இருக்கும். வெயில் ஏறிய பிறகு, தரையை ஒட்டாமல் மேலாக அறுப்பது நல்லது. செம்பனைத் தோட்டத்தில் அறுப்பவர்கள் மருந்து அடித்த தேதியை மண்டோரிடம் கேட்டுவிட்டு அறுங்கள். பாராக்குவாட் 2020 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டாலும் மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

5. மரவள்ளித் தழையை ஒரு நாள் வாடவைத்துப் போடுங்கள். பெத்தாய் பெலாலாங் தழை சத்தானது, ஆனாலும் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் முடி கொட்டும். பலா இலையை எந்த ஆடும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

6. குட்டி போட நான்கு வாரம் இருக்கும்போது துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால் அதன் பாதுகாப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். அதே நாளில் ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. புழு மருந்தைக் கடையில் கேட்டு வாங்காமல் கால்நடை இலாகாவில் கேட்டு வாங்குங்கள். ஆல்பெண்டசோல் போன்றவை சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாதவை.

7. தயாராக ஒரு வாளி: பழைய துண்டுகள், அயோடின், கையுறை, கத்தரிக்கோல், பால் புட்டி, டார்ச் விளக்கு. மருத்துவரின் தொலைபேசி எண்ணைக் கொட்டகைத் தூணிலேயே எழுதி ஒட்டுங்கள்.

8. நாள் நெருங்கினால் வால் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். இருபுறமும் பென்சில் போல் விறைத்திருந்த நரம்பு கைக்கே அகப்படாமல் இளகிவிட்டால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி. மடி இறுகி மினுங்கும். ஆடு தரையைக் காலால் பறிக்கும், படுக்கும், எழும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கனைக்கும். அப்போது கூட்டம் கூடாதீர்கள். பனிக்குடம் வந்தபின் டார்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு சின்னக் குளம்பு, உள்ளங்கால் கீழே பார்த்தபடி, அவற்றின் மேல் ஒரு மூக்கு. இதுதான் நேரான வரவு. உள்ளங்கால் மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால் முந்திவருகிறது. அப்படியும் குட்டி பிறக்கும், தாமதம் மட்டும் கூடாது. தலை மட்டும் வந்து கால் இல்லை, ஒற்றைக் கால் மட்டும் வருகிறது, அரைமணி நேரம் முக்கியும் எதுவும் நகரவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். இழுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஆடு முக்கும்போது மட்டும், அதன் பின்னங்கால் திசையில் சரிவாக இழுங்கள்.

9. குட்டி விழுந்ததும் முதலில் மூக்கையும் வாயையும் துடையுங்கள். பிறகு தாயின் முகத்துக்கு நேரே வையுங்கள். அந்த மஞ்சள் வழுவழுப்பை அவள் நக்கி நக்கி எடுக்கும்போதுதான் குட்டிக்கு இரத்தம் ஓடுகிறது, அவளுக்கும் அதன் வாசனை மனத்தில் பதிகிறது. நாமே முழுக்கத் துடைத்து எடுத்தால் அவள் சேர்த்துக்கொள்ளாமல் போகலாம். தொப்புள்கொடியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிய அயோடினில் அடிவரை முக்குங்கள். மூட்டுவீக்கத்தோடு நொண்டும் குட்டிகள் பலவற்றுக்கு நோய் நுழைந்தது இந்த வழியாகத்தான். காம்பை ஒருமுறை பீச்சி அடைப்பை நீக்கிவிடுங்கள்.

10. சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள் வாயில் பட வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி கணக்கு. எழ முடியாத குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள், செரிக்காது. துணியில் சுற்றி, வெந்நீர் புட்டியை இருபுறமும் வைத்துச் சூடேற்றிய பிறகே பால். மிஞ்சிய சீம்பாலைச் சிறு டப்பாவில் உறையவைத்தால் அடுத்த ஆட்டுக்கு உதவும். எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குங்கள், கொதிக்கவைத்தால் கெட்டுவிடும்.

11. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் தானாக விழும். தொங்குகிறதே என்று இழுக்கவோ கல் கட்டவோ வேண்டாம். உள்ளே கிழிந்தால் ஆடு போய்விடும். விழுந்ததை நாய் எடுக்காத ஆழத்தில் புதையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் அன்று கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். இதில் பெரியவர்களும் பிடிவாதமாக இருங்கள்.

12. குட்டி குடித்தது போக மிஞ்சிய பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பச்சை ஆட்டுப்பால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. பக்கத்துப் பினாங்கில் ஒரே பண்ணையின் காய்ச்சாத பாலைக் குடித்து, ஓராண்டுக்குள் 79 பேர் புரூசெல்லா காய்ச்சலில் படுத்தார்கள். ஆட்டைப் பார்த்தால் நோய் தெரியாது.

13. மூன்றாவது வாரத்திலிருந்து இளந்தழையும் சுத்தமான தண்ணீரும் குட்டிக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். தொட்டியில் குட்டி ஏறி நிற்க முடியாதபடி இருக்கட்டும். தண்ணீரில் புழுக்கை விழுந்தால் கழிச்சல் வரும். மூன்று மாதம் ஆனதும் ஆண்குட்டிகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். பால்குட்டி என்று விட்டுவைத்தால் நான்காம் மாதத்தில் அவை அக்காள் தங்கையைச் சினையாக்கிவிடும்.