கடையும் முகப்பும்: நிலையான இணையதளத்துக்குத் தீம் அமைக்கும் முறை



"கடைக்கு ஒரு வெப்சைட் போட என்ன செலவாகும்?" என்று உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கின்றனர். செலவைப் பற்றிக் கேட்பது நியாயமே. ஆனால் அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போட்ட பிறகு அது யார் கையில் இருக்கும்? நாளைக்கு விலை மாறினால், டெலிபோன் எண் மாறினால், அதைத் திருத்த நம்மால் முடியுமா? காத்திவாக்கத்தில் போல்ட்-நட்டு, கயிறு, தார்ப்பாய், பெயின்ட் வியாபாரம் செய்துவரும் நான், இதை ஒரு ஆர்டரை இழந்துதான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையும் சேர்த்து, முறைப்படி இங்கே எழுதுகிறேன்.

நிலையான தளம் என்றால் என்ன?

இணையதளங்கள் இரு வகை. முதல் வகையில், வாடிக்கையாளர் பக்கத்தைக் கேட்கும்போது சர்வர் கம்ப்யூட்டர் தகவல்களைத் தேடி எடுத்து, அந்த நிமிடத்தில் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும். ஓட்டலில் ஆர்டர் கொடுத்த பிறகு தோசை வார்ப்பது போன்றது இது. இரண்டாவது வகையில், பக்கங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. பொட்டலம் கட்டி ரேக்கில் அடுக்கி வைத்த சரக்கு போன்றது. இதுவே ஸ்டாடிக் வெப்சைட் எனப்படும் நிலையான இணையதளம்.

1991ஆம் ஆண்டு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட உலகின் முதல் இணையப் பக்கங்கள் இந்த வகைதான். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதியைத் திறந்துவிட்ட காலத்திலும் பெரும்பாலான தளங்கள் இப்படியே இருந்தன. கடைப்பெயர், முகவரி, சரக்கு வகை, விலைப்பட்டியல், திறக்கும் நேரம், டெலிபோன் எண் ஆகியவை மட்டும் போதும் என்னும் சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கு இன்றும் இது பொருத்தமானது. வேகமாகத் திறக்கும். பழுதாகும் பாகங்கள் குறைவு. முழுத் தளமும் ஒரே ஃபோல்டரில் அடங்கும்.

பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டியதில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் விவரத்தைப் பக்கங்களாக மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 2008இல் வந்த ஜெக்கில், 2013இல் வந்த ஹ்யூகோ ஆகியவை பெயர் பெற்றவை. நான் பயன்படுத்துவது ஹ்யூகோ என்பதால், அதைக் கொண்டே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

தீம் என்பது எது?

கடையில் சரக்கு வேறு, முகப்பு வேறு. ஷட்டர், பெயர்ப் பலகை, ரேக், பெயின்ட், விளக்கு ஆகியவை முகப்பு. இவற்றை மாற்றினாலும் சரக்கு அப்படியே இருக்கும். இணையதளத்தில் நாம் எழுதும் விவரம் சரக்கு. அதைக் காட்டும் அமைப்பும் நிறமும் எழுத்துருவும் முகப்பு. யாரோ ஒருவர் முன்பே செய்து வைத்து, நாம் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் முகப்புக்குத்தான் தீம் என்று பெயர்.

2003ஆம் ஆண்டு டேவ் ஷே என்ற கனடா நாட்டு வடிவமைப்பாளர் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்றொரு தளத்தைத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த வாசகம் ஒன்றே ஒன்றுதான். அதன் அலங்கார ஃபைலை மட்டும் பலர் பலவிதமாக எழுதி அனுப்பினர். ஒவ்வொன்றிலும் அதே பக்கம் முற்றிலும் வேறாகத் தெரிந்தது. சரக்கையும் முகப்பையும் பிரித்து வைப்பதால் என்ன பயன் என்பதை உலகம் கண்கூடாகப் பார்த்தது. இந்தப் பிரிவினையை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

தீம் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாதிரியில் உள்ள பெரிய படங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். நமக்கு வேண்டியது விலைப்பட்டியல் தெளிவாகத் தெரியும் அமைப்பு.

2. கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் தீம், புதிய ஹ்யூகோவுடன் ஒத்துப்போகாமல் போகலாம். சில தீம்களுக்கு ஹ்யூகோவின் 'எக்ஸ்டென்டட்' பதிப்பு தேவைப்படும். அந்தக் குறிப்பையும் படியுங்கள்.

3. உரிமக் குறிப்பைப் படியுங்கள். எம்.ஐ.டி. உரிமத்தில் வருபவற்றை வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரிமக் குறிப்பை நீக்கக் கூடாது. இலவசம் என்பதும் உரிமம் என்பதும் ஒன்றல்ல.

4. சாதாரண செல்போனில் திறந்து பாருங்கள். நமது வாடிக்கையாளர்களில் பலர் லாரி ஓட்டுநர்கள், கன்டெய்னர் யார்டு ஊழியர்கள், படகுக்காரர்கள். அவர்கள் பார்ப்பது கைபேசியில்தான்.

அமைக்கும் முறை

ஹ்யூகோவை நிறுவி, புதிய தளம் உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதனுள் முக்கியமானவை ஐந்து. (இப்பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.)

'கன்டென்ட்': நாம் எழுதும் பக்கங்கள். இது கிடங்கு.
'ஸ்டாடிக்': படங்கள் முதலியவை.
'தீம்ஸ்': வெளியிலிருந்து கொண்டுவந்த தீம் இருக்கும் இடம்.
'லேஅவுட்ஸ்': நாமே செய்துகொள்ளும் அமைப்பு மாற்றங்கள்.
'ஹ்யூகோ.டோமல்': கடைப்பெயர், மொழி, எந்தத் தீம் என்பன போன்ற அமைப்பு விவரங்களை எழுதும் ஃபைல்.

தேர்ந்தெடுத்த தீம் முழுவதையும் 'தீம்ஸ்' ஃபோல்டருக்குள் வைத்து, அமைப்பு ஃபைலில் அதன் பெயரை ஒரு வரியில் எழுத வேண்டும். பிறகு முன்னோட்டக் கட்டளை கொடுத்தால், நமது கம்ப்யூட்டரிலேயே 1313 என்ற போர்ட் எண்ணில் தளம் திறக்கும். ஊருக்குக் காட்டும் முன் நாம் பார்த்துக்கொள்ளும் ஒத்திகை இது. பக்கம் வெறுமையாக வந்தால் பதற வேண்டாம். தீம் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

நான் செய்த தவறு

2022ஆம் ஆண்டு என் தங்கை மகன் உதவியோடு தளத்தை அமைத்தோம். பக்கத்தின் அடியில் முகவரியும் டெலிபோன் எண்ணும் வரவேண்டிய இடத்தில், தீம் செய்தவர் போட்டிருந்த மாதிரி எண் இருந்தது. நான் அவசரப்பட்டு, 'தீம்ஸ்' ஃபோல்டருக்குள் நுழைந்து, அங்கிருந்த ஃபைலிலேயே எங்கள் எண்ணை எழுதிவிட்டேன். சரியாகத் தெரிந்தது. திருப்தியாக இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொல்லி, கடைக்கு வரும் ஒரு தம்பி பழைய ஃபோல்டரை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தார். தளம் முன்னைவிட அழகாக இருந்தது. அடியில் இருந்த எண்ணை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் எண் போய், மாதிரி எண் திரும்ப வந்திருந்தது. பதினொரு நாள் அப்படியே இருந்தது. மழைக்கு முன் தார்ப்பாய் வாங்க வந்த ஒரு யார்டுக்காரர் அந்த எண்ணுக்குப் பலமுறை அடித்துப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு ஒருநாள் நேரில் வந்தவர், "அண்ணாச்சி, கடையை மூடிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். போன ஆர்டரைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது.

அந்தத் தம்பியின் மேல் தவறில்லை. வாடகைக்கு எடுத்த ரேக்கின் மேல் என் கடைப்பெயரை எழுதியது நான். ரேக்கை மாற்றினால் பெயரும் போகத்தானே செய்யும்?

மாற்றம் செய்யும் சரியான முறை

விதி ஒன்றுதான்: 'தீம்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் எதையும் தொடக் கூடாது.

மாற்ற வேண்டிய ஃபைலைத் தீமிலிருந்து பிரதி எடுத்து, நமது சொந்த 'லேஅவுட்ஸ்' ஃபோல்டரில், அதே உள்வழியில், அதே பெயரில் வைக்க வேண்டும். ஹ்யூகோ பக்கம் தயாரிக்கும்போது முதலில் நமது ஃபோல்டரில் தேடும். அங்கு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால்தான் தீமுக்குப் போகும். ஆகவே தீம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் நமது திருத்தம் நிலைக்கும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நாம் பிரதி எடுத்த ஃபைலுக்குத் தீமின் பிந்தைய திருத்தங்கள் வந்து சேரா. எனவே தேவையான ஒன்றிரண்டு ஃபைல்களை மட்டும் பிரதி எடுங்கள். நிறம், எழுத்தளவு போன்ற சிறு மாற்றங்களுக்குப் பல தீம்களில் தனியாக ஓர் அலங்கார ஃபைல் வைக்க இடம் விட்டிருப்பார்கள். தீமின் விளக்கக் குறிப்பில் அது எங்கே என்று இருக்கும். விலைப்பட்டியலை எப்போதும் 'கன்டென்ட்' ஃபோல்டரில் தனிப் பக்கமாக வையுங்கள். மேலே "இந்த விலை இன்ன தேதி முதல்" என்று எழுதுங்கள். தேதியில்லாத விலைப்பட்டியல் தகராறுக்கு வழி.

தமிழுக்குச் செய்ய வேண்டியவை

பெரும்பாலான தீம்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நாம் கீழ்க்கண்டவற்றைத் திருத்த வேண்டும்.

1. எழுத்துரு. 1990களில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு நிறுவ வேண்டியிருந்தது. யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியல் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நமது கட்டுமரத்தின் பெயர் தாங்கிய கேட்டமரான் போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. வரி இடைவெளி. மேலும் கீழும் கொம்பும் சுழியும் உள்ள நமது எழுத்துகளுக்கு, தீமில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி கொடுத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடம் விடும் அலங்காரத்தை எடுத்துவிடுங்கள்.

3. நீண்ட சொற்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் பொத்தான், தமிழில் இருமடங்கு நீளும். செல்போனில் உடைகிறதா என்று பாருங்கள்.

4. மொழிக் குறிப்பு. அமைப்பு ஃபைலில் மொழி தமிழ் என்று குறிப்பிட வேண்டும். "மேலும் படிக்க", "முகப்பு" போன்ற சொற்கள் ஆங்கிலத்திலேயே நின்றால், அவற்றுக்கான தமிழ்ச் சொல் ஃபைல் ஒன்றை நமது ஃபோல்டரில் சேர்க்கலாம்.

கடை வாசல் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் கூறுகின்றன. ஜி.எஸ்.டி. எண்ணைப் பெயர்ப் பலகையில் காட்ட வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. இணைய முகப்பிலும் இவ்விரண்டையும் கடைப்பிடித்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும். முகவரியில் காத்திவாக்கம் என்பதோடு எண்ணூர் என்றும் எழுதுங்கள். தனி நகராட்சியாக இருந்த நமது ஊர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வெளியூர் லாரிக்காரருக்கு எண்ணூர் என்றால்தான் புரிகிறது.

வெளியிடுவதும் பிரதி வைப்பதும்

தயாரிப்புக் கட்டளை கொடுத்தால் 'பப்ளிக்' என்ற ஃபோல்டரில் முழுத் தளமும் வந்துவிடும். அதை அப்படியே ஹோஸ்டிங் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். இலவச இடங்களைத் தேடுவோர் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸ் பெயர் பெற்ற இலவச இடம்தான். ஆனால் இணைய வியாபாரம் நடத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களது விதி சொல்கிறது. டொமைன் பெயரை உங்கள் சொந்தப் பெயரில், சொந்த ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். தளம் போட்டுக் கொடுப்பவர் பெயரில் பதிவானால், பட்டா அவர் பெயரில் இருக்கிறது என்று பொருள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும், எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்து வந்த வெள்ளத்தையும் நாம் யாரும் மறக்க மாட்டோம். என் கடையில் கீழ்த்தட்டில் இருந்த பேரேடுகளும் கம்ப்யூட்டரும் வீணாயின. ஆனால் தளத்தின் முழு ஃபோல்டரும் கோவையில் உள்ள தங்கை மகனிடம் பிரதியாக இருந்தது. அவனிடம் போனில் சொன்னேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தான்: "கடை அடுத்த திங்கட்கிழமை திறக்கும், பழைய பாக்கிக்கு அவசரமில்லை." அந்தத் திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியபோது, தார்ப்பாயை வேறு இடத்தில் வாங்கிய அதே யார்டுக்காரர் வாசலில் நின்றார். "வெப்சைட்டுல பாத்தேன் அண்ணாச்சி" என்றார்.

சுருக்கமாக:

சரக்கை 'கன்டென்ட்' ஃபோல்டரில் வையுங்கள். திருத்தத்தை நமது 'லேஅவுட்ஸ்' ஃபோல்டரில் செய்யுங்கள். தீம் ஃபோல்டரைத் தொடாதீர்கள். புதுப்பித்த அன்றே டெலிபோன் எண்ணை ஒருமுறை அடித்துப் பாருங்கள். முழு ஃபோல்டருக்கும் ஒரு பிரதி, கடைக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

முகப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடை நம் கையில் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் இம்முறையைக் கடைப்பிடித்துப் பயன்பெற வேண்டுகிறேன்.