கடோத்கஜன் யாரிடம் சிரிக்கக் கற்றான்?

கேள்வி: மந்திரம், காதல், சிரிப்பு மூன்றையும் ஒரே படத்தில் கலக்கும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள்? ‘பெல், புக் அண்ட் கேண்டில்’தான் முன்னோடி என்று நண்பன் சாதிக்கிறான். *(சிப்காட் ஊழியர், கும்மிடிப்பூண்டி)*

பதில்: நண்பருக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கிம் நோவாக் சூனியக்காரியாக வந்து ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை மயக்கும் அந்தப் படம் வந்தது 1958இல். நம் ‘மாயா பஜார்’ 1957. மார்ச் 27இல் தெலுங்கில், ஏப்ரல் 12இல் தமிழில். ‘ஐ மேரீட் எ விட்ச்’ 1942லேயே வந்துவிட்டதே என்று நண்பர் கொக்கி போடுவார். தமிழில் 1935லேயே ஒரு ‘மாயா பஜார்’ உண்டு என்று நீங்கள் பதில் கொக்கி போடுங்கள். இருவரும் கொக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது நான் கடோத்கஜனின் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறேன். எனக்கு அங்கேதான் வேலை.

‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டில் எஸ்.வி. ரங்காராவ் தொடையில் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, தமிழில் திருச்சி லோகநாதன் குரல் கொடுத்தாரே, அந்தச் சிரிப்பு துவாபர யுகத்துச் சரக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. 1940களில் வந்த ஒரு ஹரிகதை இசைத்தட்டிலிருந்து பாட்டு படத்துக்கு வந்தது. இசைத்தட்டுக்குச் சிரிப்பு வந்தது லண்டனிலிருந்து: 1922இல் சார்ல்ஸ் பென்ரோஸ் பாடிய ‘தி லாஃபிங் போலீஸ்மேன்’. பென்ரோஸாவது சொந்தமாகச் சிரித்தாரா? அவருடைய மெட்டு ஜார்ஜ் ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகருடையது. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, நியூயார்க் தெருக்களில் சீட்டியடித்துக் காசு வாங்கியவர். 1890களில் அவருடைய ‘லாஃபிங் சாங்’ சக்கைப்போடு போட்டது. அப்போது ஒரு பதிவிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கும் வசதி கிடையாது. விற்க விற்க அவர் மறுபடி மறுபடி ஒலிப்பதிவுக் குழாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும், அதே இடத்தில் சிரிக்க வேண்டும். வேலை நேரம் முழுக்கச் சிரிப்பதே வேலை!

ஆக, இடும்பியின் மகன் சிரித்தது நியூயார்க் நடைபாதைச் சிரிப்பு. மந்திரம் என்பது இதுதான் ஐயா.

இன்னொன்றையும் போகிற போக்கில் உடைத்துவிடுகிறேன். படத்தில் வருகிற, அபிமன்யு பலராமன் மகள் வத்சலாவைக் காதலித்த கதை வியாசரிடம் கிடையாது. அங்கே அபிமன்யுவின் மனைவி உத்தரைதான். வத்சலா நம் நாட்டுப்புறக் கதையும் கூத்தும் பார்த்து வைத்த பெண். வரன் பார்ப்பதில் வியாசரைவிட நம் ஊர்ப் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். இத்தனைக்கும் பாரதக் கதைப் படமான அதில் பாண்டவர்கள் ஐவரில் ஒருவர்கூடத் தலைகாட்டுவதில்லை. யாராவது கவனித்தீர்களா?

கேள்வி: ‘மாயா பஜார்’ படகுப் பாட்டை எங்கள் பக்கத்து ஆற்றில் நிஜ நிலா வெளிச்சத்திலேயே எடுத்தார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா? *(வாசகி, பொன்னேரி)*

பதில்: தாத்தாவுக்கு ஐம்பது மார்க். ஆறு சரி, நிலா தவறு. படம்பிடித்த இடம் எண்ணூர். நீங்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வரும்போது எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே ஒரு பாலம் தடதடக்குமே, அங்கே கொசஸ்தலை ஆறு கடலைத் தேடி விரிந்து கிடக்கிறது. பூண்டியிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்தையே சுற்றி வந்த அலுப்பு அதற்கு.

நிலாவைக் கொண்டுவந்தவர் மார்கஸ் பார்ட்லி. (ஒளிப்பதிவாளர் பேச்சை ஆரம்பித்துவிட்டான் என்று முணுமுணுக்கும் பழைய வாசகர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம்.) ஆங்கிலோ இந்தியர். ‘பாதாள பைரவி’யும் அவர்தான், ‘செம்மீன்’ கடலும் அவர்தான். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு நிஜ நிலா வெளிச்சம் மூக்குப்பொடி அளவுகூடப் போதாது. கறுப்பு வெள்ளையில் ராத்திரி வேண்டுமென்றால் வெயிலில் போய் நிற்க வேண்டும். சூரியனை நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுத்துவிடும். வெளிச்சத்தையும் குறைத்து வாங்கினால் தண்ணீர் மினுக்கும், தலைமுடி ஓரத்தில் வெள்ளிக் கோடு விழும். காதலர்கள் குளிர்நிலவில் உருகுவதாகப் படம் பார்ப்பவர் நினைப்பார். உருகியது மேக்கப். கேமராக்காரர்களின் குலவித்தை இது.

தெலுங்குப் படத்துக்கு 2010இல் வண்ணம் பூசினார்கள். வெள்ளியில் வார்த்த நிலாவுக்கு எதற்கு அம்மா சுண்ணாம்பும் சாயமும்? இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் வெட்டுவார்.

கேள்வி: எங்கள் கம்பெனி கேட்டில் ஆயுத பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் கிடக்கிறது. அதை மந்திரித்துக் கொடுத்தால் பேக்கிங் பிரிவில் ஒருவருக்கு என் மேல் பிரியம் வருமா? *(பெயர் வேண்டாம் ப்ளீஸ், கவரைப்பேட்டை)*

பதில்: தம்பி, கேட்டில் தொங்கிய பழம் கம்பெனிச் சொத்து. முதலில் செக்யூரிட்டியிடம் பாஸ் வாங்குங்கள். அப்புறம் ‘பெல், புக் அண்ட் கேண்டில்’ படத்தைப் பாருங்கள். வசியம் வைத்து ஆளைப் பிடித்த சூனியக்காரிக்கு, நிஜமாகவே காதல் வந்ததும் சக்தி போய்விடும். செல்லப் பூனைகூட விட்டுப் போய்விடும். அந்தப் பூனையின் பெயர் பைவாக்கெட். இங்கிலாந்தில் சூனியக்காரிகளை வேட்டையாடிய மாத்யூ ஹாப்கின்ஸ் 1647இல் போட்ட புத்தகத்திலிருந்து எடுத்த பெயர். தூக்குமேடைக்கு ஆள் அனுப்பிய புத்தகத்திலிருந்து காதல் காமெடிக்குப் பூனை பிடித்திருக்கிறார்கள்!

நம் படத்தில் காதலர்களுக்கு மந்திரமே தெரியாது. அவர்களுக்குள் பிரியம் ஏற்கெனவே இருக்கிறது. குறுக்கே நிற்பது பெரியவர்களின் அந்தஸ்துக் கணக்கு. மந்திரம் உடைப்பது அந்தக் கணக்கைத்தான். உங்கள் விஷயத்தில் பிரியமே கணக்கில் வரவில்லை. கேன்டீனில் போய்ப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: ‘மாயா பஜார்’ தெலுங்கில் நல்லதா, தமிழில் நல்லதா? *(ஆரம்பாக்கம் வாசகர்)*

பதில்: இரண்டும் புரியும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா! அபிமன்யுவாக அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி கணேசன். அசட்டு மாப்பிள்ளை லட்சுமணனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. என் ஓட்டு தங்கவேலுவுக்கு. ஆனால் இரண்டிலும் சாவித்திரிதான். கடோத்கஜன் வத்சலா உருவில் மணமேடைக்கு வரும்போது, பெண்ணின் வெட்கத்துக்குள்ளிருந்து ஒரு ராட்சசன் திடுக்கென்று தோளை நிமிர்த்துவான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

கேள்வி: கடோத்கஜன் ஒரே ராத்திரியில் மாய நகரம் கட்டினானே, ஓவர்டைம் கொடுத்தார்களா? *(மறுபடியும் அதே சிப்காட் ஊழியர்)*

பதில்: அவன் கதை தெரியாது. கேமராவுக்காகத் துவாரகையைப் பொம்மை நகரமாகக் கட்டியவர்களுக்கு வாகினி ஸ்டூடியோ சம்பளம் கொடுத்தது. சுமார் 300 குட்டி வீடுகள், ஒவ்வொன்றிலும் விளக்கு. உங்களுக்கு ஓவர்டைம் என்றால் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அதை வாங்க மந்திரம் வேண்டாம், யூனியன் போதும்.