வைக்கோல் போரில் சீறும் குட்டிகள்

கேள்வி: எங்கள் வீடு வயலை ஒட்டியது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வைக்கோல் போரில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. யாரும் வளர்த்த பூனை இல்லை, எங்கிருந்தோ வந்தது. இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் பால் வைக்கிறேன். நான் தள்ளிப் போனதும் வந்து குடிக்கின்றன. கிட்டே போனால் சீறிவிட்டு உள்ளே ஓடிவிடுகின்றன. கண் இன்னும் நீலமாகவே இருக்கிறது. நெல்மூட்டை, புண்ணாக்கு எல்லாவற்றையும் எலி பாழாக்குவதால் இவற்றை இங்கேயே வைத்துக்கொள்ள ஆசை. என் மாமனாரோ, "அது காட்டு ரத்தம், பழகாது. அப்படியே பழகினாலும் கைச்சோறு தின்ற பூனை எலி பிடிக்காது" என்கிறார். இத்தனை நாள் பால் ஊற்றியும் ஏன் பழகவில்லை? இனிமேல் பழக்க முடியுமா டாக்டர்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கண் இன்னும் நீலமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. பூனைக்குட்டி பிறந்து ஏழு முதல் பத்து நாளில் கண் திறக்கும். அப்போது எல்லாக் குட்டிக்கும் நீலக் கண்தான். ஆறேழு வாரம் ஆன பிறகே மஞ்சளோ பச்சையோ, அதனதன் நிறம் ஏறத் தொடங்கும். தட்டில் நக்கிக் குடிக்கக் கிட்டத்தட்ட நான்கு வாரமாவது ஆகவேண்டும். நீங்கள் பால் வைக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. கணக்குப் போட்டால் குட்டிகளுக்கு இப்போது ஆறு வாரம். பழக்க முடியும். ஆனால் அறுவடை முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் மாமனாரின் கட்சியைக் கொஞ்சம் விசாரித்துவிடுவோம்.

காட்டு ரத்தம் என்று அவர் சொல்வதற்கு நம் வயல்வெளிகளில் இடமில்லாமல் இல்லை. நாணல் புதரிலும் கரும்புத் தோட்டத்திலும் வாழும் அசல் காட்டுப்பூனை இங்கே உண்டு. கால் நீளம். வால் குட்டை, தரையைத் தொடாது, நுனிப் பக்கம் கறுப்பு வளையங்கள் இருக்கும். காது நுனியில் சின்னதாக ஒரு கறுப்பு மயிர்க்கற்றை. வளர்ந்த பூனையின் உடம்பில் வரி கிடையாது. குட்டிக்கு மட்டும் இருக்கும், அதனால்தான் கரும்பு வெட்டும்போது அகப்படும் குட்டிகளை வீட்டுப் பூனைக்குட்டி என்று நினைத்துத் தூக்கி வந்துவிடுகிறார்கள். அது வேறு இனம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்க்கக் கூடாது. அந்தப் பாத்தியை வெட்டாமல் விட்டு ஒதுங்கினால் பெரும்பாலும் இரவோடு இரவாகத் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். வரவில்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வைக்கோல் போரில் குட்டி போட்டு, உங்கள் பால் தட்டுக்கு வருகிற பூனை அநேகமாக நாட்டுப்பூனைதான். எதற்கும் தாயின் வாலையும் காதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாட்டுப்பூனை என்று தெரிந்துவிட்டால் ரத்தத்தைப் பற்றிய வாதம் அங்கேயே முடிந்தது. உலகத்து வீட்டுப்பூனைகள் எல்லாமே மேற்காசியாவில் மனிதர் தானியம் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தேடிக் களஞ்சியத்துக்கு வந்த ஒரு காட்டுப்பூனை இனத்தின் வழிவந்தவை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். நெல்மூட்டைக்காகப் பூனை தேடும் நீங்கள் மிகப் பழைய ஒரு வழக்கத்தைத்தான் தொடர்கிறீர்கள். சென்னை அடுக்குமாடியில் சோபாவில் புரளும் பூனைக்கும் உங்கள் வைக்கோல் போர்க் குட்டிக்கும் இனத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் நாட்கணக்கில் இருக்கிறது.

குட்டிப் பருவத்தில் 'உணர்திறன் காலம்' என்று ஒன்று உண்டு. அந்தச் சில வாரங்களில் எதைப் பார்த்து, கேட்டு, தொட்டுப் பழகுகிறதோ அதையெல்லாம் 'இது ஆபத்தில்லை' என்று மூளை பதிந்துவைத்துக்கொள்ளும். அதற்குப் பின் வருகிற புதியது எதுவானாலும் முதலில் பயம்தான். நாய்க்குட்டிக்கு இது மூன்று மாதம் வரை நீளும். பூனைக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ் 1980-களில் இதைச் சோதித்தார். ஏழு வாரத்துக்குள் கையில் எடுக்கப்பட்ட குட்டிகள் மனிதரிடம் தாமாகவே வந்தன. தாமதமாகத் தொடங்கியவை அந்த அளவுக்கு ஒட்டவில்லை. தினமும் 15 நிமிடம் தூக்கி வைத்துக்கொண்ட குட்டிகளைவிட 40 நிமிடம் தூக்கி வைத்துக்கொண்டவை மடியில் அதிக நேரம் தங்கின.

மாமனாருக்கும் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்க வேண்டும். சாண்ட்ரா மக்கூன் என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட முடிவுப்படி, தகப்பன் பூனை துணிச்சலானதாக இருந்தால் குட்டிகளும் புதியவற்றை அஞ்சாமல் அணுகுகின்றன. கடுவன் பூனை தன் குட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே இது சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, பிறவியில் வந்தது. மூன்றில் ஒன்று இரண்டே நாளில் மடியேறுவதும் மற்றொன்று மூலையிலேயே உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். ரத்தத்தில் வருவது கூச்சத்தின் அளவு. பழகுமா பழகாதா என்பதை அது முடிவுசெய்வதில்லை.

சரி, பால் ஊற்றியும் ஏன் பழகவில்லை? நீங்கள் தள்ளிப் போன பிறகுதானே அவை குடிக்கின்றன? அவை பழகியிருப்பது தட்டைத்தான், உங்களை அல்ல. இன்னும் சொன்னால், 'இந்த அம்மாள் போய்விட்டால் பால் கிடைக்கும்' என்ற பாடத்தை நாளைக்கு இரண்டு தடவை அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்! போதாததற்குத் தாய் வேறு ஒவ்வொரு முறையும் உங்களைக் கண்டு மிரண்டு ஓடுகிறது. அதைப் பார்த்துக் குட்டியும் மிரள்கிறது. சீறுவதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காதை மடக்கி, முதுகை வளைத்து, எச்சில் தெறிக்க ஒரு 'ப்ஃபூ' வருகிறதே, அது முழுக்க முழுக்கப் பயம். உள்ளங்கையளவு உடம்பை வைத்துக்கொண்டு அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

இனி செய்யவேண்டியது, சாப்பாடும் நீங்களும் ஒன்றாகவே வருவது. வைக்கோல் போரில் அது நடக்காது, ஒளிய இடம் அதிகம். கதவு மூடக்கூடிய ஒரு சின்ன தட்டுமுட்டு அறையோ பெரிய முயல் கூண்டோ போதும். ஒரு பக்கம் பழைய புடவையைத் தொங்கவிட்டு, உள்ளே ஓர் அட்டைப்பெட்டி, ஒரு தட்டில் மணல், தண்ணீர். நீங்கள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைப் படுக்கையாகப் போடுங்கள். குட்டியைப் பிடிக்கும்போது தடித்த துண்டை மேலே போட்டு மொத்தமாகச் சுருட்டி எடுக்க வேண்டும், வெறுங்கையை நீட்டாதீர்கள். தாய் கவ்வுவதுபோல் பிடரியில் பிடித்தால் குட்டி துவண்டு அசையாமல் கிடக்கும். வைணவப் பெரியவர்கள் மார்ஜார நியாயம் என்று சரணாகதிக்கு உதாரணம் காட்டியது இதைத்தான். அவசரத்துக்கு நீங்களும் அப்படிப் பிடிக்கலாம், ஆனால் அடியில் இன்னொரு கை தாங்க வேண்டும். கைபட்ட வாடைக்குத் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. அடிக்கடி தொந்தரவு செய்தால் இடம் மாற்றிவிடும் என்பது நிஜம். ஏழு வீடு மாற்றும் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். அதனால் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் சும்மா விடுங்கள். மறுநாளிலிருந்து தட்டு கிடையாது. ஒரு நீளமான கரண்டியின் நுனியில் வேகவைத்து மசித்த கோழியையோ முள் எடுத்த மத்தி மீனையோ வைத்து, தரையில் உட்கார்ந்து நீட்டுங்கள். உற்றுப் பார்க்கக் கூடாது, பூனைக்கு அது மிரட்டல். பார்வை சந்தித்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். சீறிக்கொண்டே நக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு வேளையும் கரண்டியைச் சற்றுக் குட்டையாகப் பிடித்து, கடைசியில் விரல் நுனிக்கு வாருங்கள். விரலில் தின்னத் தொடங்கியதும் இன்னொரு கையால் கன்னத்தையும் தாடையையும் வருடலாம். தலைக்கு மேலாகக் கை இறங்கினால் பருந்து வருவதாகவே அதற்குத் தோன்றும். இந்த வயதில் நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு வேண்டும், பழக்குவதற்காகப் பட்டினி போடாதீர்கள். ஒரு வேளை கையில் வாங்க மறுத்தால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், எழுந்து போகாதீர்கள்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றன் பயம் மற்றதைத் தொற்றும். மிக மிரளும் குட்டியைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்து வீட்டு நடமாட்டத்துக்கு நடுவே விட்டால் சீக்கிரம் தெளியும். நீங்கள் ஒருவரே பழக்கினால் உங்களிடம் மட்டும் வரும். பால் கறக்க வருபவர், பிள்ளைகள், மாமனார் என்று எல்லார் கையிலும் ஒரு வாய் வாங்கித் தின்னட்டும். ஆறு வாரக் குட்டிக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். மூன்று மாதக் குட்டி என்றால் மாதக்கணக்கில் ஆகும். நான்கைந்து மாதம் தாண்டியதை மடிப்பூனை ஆக்க நினைப்பது, என் கணிப்பில், இருவருக்கும் தண்டனை.

பசும்பாலை நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் அதனால் பேதி ஆகும், பேதியானால் குட்டி இரண்டு நாளில் வற்றிவிடும். தயிர்சோறு மட்டும் போட்டு வளர்ப்பதும் தவறு. டாரின் என்றொரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே தயாரிக்காது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் பழுதாகும்.

கைச்சோறு தின்றால் எலி பிடிக்காது என்பதும் சரியல்ல. பசியும் வேட்டையும் பூனையின் மூளையில் தனித்தனி. வயிறு நிறைந்த பூனையும் எலி ஓடினால் பாயும், தின்னாமல் விளையாடிவிட்டுப் போடும். பசித்த பூனைதான் வேறிடம் தேடிப் போய்விடும். எலி பிடிக்கும் பழக்கத்தில் தாய்க்குப் பங்கு உண்டு. 1930-இல் சிங்-யாங் குவோ என்ற சீன உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், எலி கொல்லும் தாயைப் பார்த்து வளர்ந்த குட்டிகளில் சுமார் 85 சதவீதம் எலி கொன்றன. தனியே வளர்ந்தவற்றில் 45 சதவீதம்தான். உங்கள் குட்டிகளுக்குத் தாய் ஏற்கெனவே எலி கொண்டுவந்து போட ஆரம்பித்திருக்கும். பழகியதும் அவற்றை அதே கொட்டகையில் விடுங்கள். தாயை விரட்டாதீர்கள், இன்றைக்கு உங்கள் நெல்லைக் காப்பது அதுதான். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: சுண்டெலியும் எலிக்குஞ்சும் பூனைக்கு எளிது. வளர்ந்த பெருச்சாளியிடம் மோத பெரும்பாலான பூனைகள் விரும்பாது.

கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் வேண்டாம். பூனையாலும் வெறிநோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். குட்டிகளுக்கு எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. சினை ஆடு வைத்திருந்தால் தீவனத்தை மூடி வையுங்கள். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஆடுகளுக்குக் கரு கலைத்துவிடும்.

பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். தாய்ப்பூனையோ பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும், சினைக்காலம் வெறும் ஒன்பது வாரம். கருத்தடை செய்யாவிட்டால் அடுத்த வருஷம் நீங்கள் முப்பது குட்டியைப் பற்றி எழுதுவீர்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தாயை மீன் வைத்த கூண்டுப் பொறியில்தான் பிடிக்க முடியும்.

பூனை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த நாளிலிருந்து கொட்டகையில் எலிமருந்து வைக்காதீர்கள். புரோமடியோலோன் கலந்த கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைப் பிடிப்பது எளிது என்பதால் பூனை அதைத்தான் முதலில் பிடிக்கும், தின்றால் பூனைக்கும் அதே கதி. பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.