‘வெண்முரசு’ பாதியில் நிற்கிறதா? மீண்டும் எடுக்கச் சில குறிப்புகள்

ஜெயமோகன் மகாபாரதத்தைப் புதிதாக எழுதிய ‘வெண்முரசு’ 2014 ஜனவரியில் தொடங்கி 2020இல் முடிந்தது. 26 நாவல்கள், இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். நாகர்களும் அசுரர்களும் கந்தர்வர்களும் உலவும் பெரும் மாய உலகம் அது. முதல் நாவலை ஆசையாக வாங்கி, நூறு பக்கத்தோடு அலமாரியில் ஏற்றிவிட்டவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதல் நாவலான ‘முதற்கனல்’ ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு: அதில் பாண்டவர்களின் கதை தொடங்குவதே இல்லை. ஆஸ்திகன், ஜனமேஜயனின் சர்ப்ப வேள்வி என்று ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிறது. பாண்டவர் பிறப்பதே அடுத்த நாவலான ‘மழைப்பாடல்’ வந்த பிறகுதான். ஆகவே பீமனைத் தேடாமல், அம்பையின் கதையாக ‘முதற்கனலை’ப் படியுங்கள். பீஷ்மர் முன் அவள் வந்து நிற்கும் இடம் வந்துவிட்டால் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. முன்கதையிலிருந்து தொடங்குவது கொங்குப் பக்கத்தில் நமக்குப் பழகிய முறைதான். உடுக்கடிப் பாட்டில் அண்ணமார் கதை இரவிரவாக நடக்கும். பொன்னரும் சங்கரும் பிறக்கும் முன்பே பாட்டன் கதை, அப்பன் கதை, தாய் தாமரை பிள்ளை வரம் வேண்டித் தவமிருந்த கதை எல்லாம் பாடியாக வேண்டும். அந்தப் பொறுமையோடு உட்காருங்கள்.

2. ஒரே மூச்சில் வேண்டாம். நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்த படைப்பு இது. அந்த அளவே இதற்குப் பொருந்துகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அத்தியாயம் போதும்.

3. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் வம்சவரிசையை எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். மேலே சந்தனு. ஒரு பக்கம் கங்கை, அவள் மகன் பீஷ்மர். மறுபக்கம் சத்யவதி, அவள் பிள்ளைகள் சித்ராங்கதன், விசித்திரவீரியன். திருமணத்துக்கு முன் பிறந்த வியாசர். அடுத்த வரிசையில் திருதராஷ்டிரன், பாண்டு, விதுரன். கல்யாணப் பேச்சில் “எந்தக் கூட்டம்?” என்று முதலில் கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தாள் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும்.

4. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி புரட்டாதீர்கள். நாலைந்து இடத்தில் வந்தால் தானாகப் புரியும்.

5. ‘நீலம்’ நாவல் பலருக்கும் தடங்கல். ராதையும் கண்ணனும், கதை கொஞ்சம், பாட்டுப் போன்ற மொழி நிறைய. வாய்க்குள் படித்தால் பத்துப் பக்கத்தில் அலுக்கும். சத்தமாகப் படியுங்கள். வீட்டில் யாராவது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் நேரம் இதற்கு வாகானது. கேட்பவர் கை ஓடிக்கொண்டே இருக்கும், காது இங்கே இருக்கும். “ஏங்கண்ணு, அந்த எடத்த மறுக்கா படி” என்ற குரல் வந்தால், அன்று இன்னொரு அத்தியாயம் படிக்கலாம்.

6. அப்படியும் நகரவில்லையா? வேறு வாசல் வழியாக நுழையுங்கள். ‘வண்ணக்கடல்’ நல்ல வாசல்: தென்னாட்டிலிருந்து அஸ்தினபுரிக்கு நடந்து போகும் இளநாகன் என்ற பாணன், கூடவே பீமன், துரியோதனன், கர்ணன், ஏகலவ்யன் ஆகியோரின் இளமை. நளன் கதை பிடிக்குமென்றால் ‘நீர்க்கோலம்’. போர் நாவல்களை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். களத்தில் விழுகிறவனோடு பல நூறு பக்கம் வாழ்ந்திருந்தால்தான் அவன் சாவு உங்களை அசைக்கும்.

7. அடுத்த நாவலை வாங்கும் முன் இணையத்தில் இலவசமாகப் படித்துப் பாருங்கள். அச்சில் வேண்டுமென்றால் கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சி இருக்கிறது.

8. படித்தவர்களோடு பேசுங்கள். கோவை இதில் கொடுத்துவைத்த ஊர். ஜெயமோகனின் வாசகர்கள் கூடும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விருது விழா 2010 முதல் இங்குதான் நடந்துவருகிறது. டிசம்பரில் அங்கே போனால், ‘வெண்முரசு’ முழுவதையும் படித்தவர்கள் தேநீர் இடைவேளையில் பக்கத்திலேயே நிற்பார்கள். எங்கே நின்றுவிட்டீர்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த இடத்தை அவர்களும் தாண்டித்தான் வந்திருப்பார்கள்.

9. கெட்டி அட்டைப் புத்தகம் கனமானது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் விரித்தால் மணிக்கட்டு வலிக்காது, தைப்பும் விடாது. ஆடிக் காற்றும் சாரலும் சேரும் மாதங்களில் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்றாகப் போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது. வாசம் போனதும் மாற்ற வேண்டும்.