நான்கு கட்டங்களில் ஒரு கதை

எழுத்தறியாதாரும் பார்த்த அளவில் பொருள் கொள்ளும் மொழி ஒன்று உண்டு, அதுவே சித்திரம். சித்திரத்தோடு சில சொற்களும் சேர்ந்தால் சித்திரக்கதை பிறக்கின்றது.

இக்கலை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. தருமபுரியின் நடுகற்களைக் கண்டோர் இதனை அறிவர். ஆநிரை மீட்டு மடிந்த வீரனின் உருவம் கல்லில் நிற்கும். அவன் பெயரையும் ஊரையும் பட்ட செய்தியையும் அருகிலுள்ள எழுத்துக் கூறும். வீரனின் வாழ்நாள் முழுவதையும் சிற்பி செதுக்கவில்லை. சொல்லத்தக்க ஒரு கணத்தை மட்டும் தேர்ந்து, ஏனையவற்றை விட்டுவிட்டான். சித்திரக்கதையின் உயிர்நிலை இந்தத் தேர்வே ஆகும்.

மேனாட்டில் ஜெனீவா நகரத்து ஆசிரியர் ரொடால்ஃப் டோப்ஃபர் 1833-இல் சித்திரக்கதை நூலொன்றை வெளியிட்டார். தமிழில், சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. அந்நாளில் ஓவியரும் அச்சகமும் இன்றிச் சித்திரக்கதை இல்லை. இன்றோ கைப்பேசியிலுள்ள கேன்வா போன்ற செயலி ஒன்றே போதும். கட்டங்களும், மனித உருவங்களும், வசனம் எழுதும் பலூன்களும் அதில் ஆயத்தமாக உள்ளன. தமிழிலேயே தட்டச்சும் செய்யலாம். ஆனால், என்ன சொல்வது என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும். ஆகவே, செயலியைத் திறக்குமுன் தாளையும் பென்சிலையும் எடுங்கள்.

நம் ஊர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இம்மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குழந்தைகள் தொடர்ந்து பருகினால் பற்களில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் பருகுவோர்க்கு எலும்பும் மூட்டும் கெடும். இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இதை நான்கு கட்டங்களில் சொல்வது எப்படி?

முதற் கட்டம்: பள்ளியில் தோழியர் சிரிக்கின்றனர். ஒரு சிறுமி மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாள். வசனம் வேண்டா.

இரண்டாம் கட்டம்: வீட்டில் பாட்டி, "பல்லை ஒழுங்கா விளக்கினா கறை ஏன் வருது?" என்கிறாள்.

மூன்றாம் கட்டம்: அடுப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர் கொதிக்கிறது. வாசலில் நின்ற செவிலியர், "காய்ச்சினா கிருமிதான் சாகும் ஆயா, புளோரைடு போகாது" என்கிறார்.

நான்காம் கட்டம்: சிறுமி ஒகேனக்கல் குழாய் நீரைத் தம்பிக்குப் புகட்டுகிறாள். "தம்பிக்கு இனிமே இந்தத் தண்ணிதான், ஆயா!"

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். கடைசிக் கட்டத்தில் சிறுமியின் பற்களை முத்துப்போல் வெண்மையாக வரைந்துவிட நம் கை துடிக்கும். அது பொய். பல் உருவாகும் பருவத்தில் பதிந்த கறை, நீரை மாற்றுவதால் மறையாது. பொய்யான முடிவைக் கண்ட தாய், சில திங்கள் பார்த்துவிட்டுப் பழைய நீருக்கே திரும்புவாள். தம்பியின் பல்லைக் காக்கலாம் என்பதே மெய். அம்மெய்யிலேதான் கதையின் பயனும் இருக்கின்றது.

இனிச் செயலிக்கு வருவோம். நான்கு கட்டங்கள் கொண்ட அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பலூனில் எட்டுச் சொற்களுக்கு மேல் இடாதீர்கள். முதலில் பேசுவோரின் பலூன் இடப்பக்கம் மேலே அமையட்டும். சிறுமியின் ஆடை நிறம் நான்கு கட்டங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இன்றேல் அவள் வேறொருத்தி எனப் பார்ப்போர் மயங்குவர். முடித்தபின் வசனங்களை மறைத்து ஒருவரிடம் காட்டுங்கள். கதை பாதியேனும் விளங்கினால் நீங்கள் வென்றீர்கள். விளங்காவிடில் படத்தை மாற்றுங்கள், சொல்லைக் கூட்டாதீர்கள்.

மாணவ நண்பர்களே! படத்தை அச்சிட்டு, உங்கள் ஊரில் மக்கள் நீர் பிடிக்கும் இடத்தருகே, உரியவரின் ஒப்புதலோடு ஒட்டுங்கள். குடம் நிறையும் நேரம் நான்கு கட்டங்களைப் படிக்கப் போதுமானது. கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட அதுவும் ஒரு வழியாகும்.