மோர்ப் பந்தலில் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. சித்திரைத் திருவிழாவுக்கு உங்கள் தெருக்காரர்கள் போடும் நீர்மோர்ப் பந்தலில் படமெடுக்கும் பொறுப்பை உன்னிடம் விட்டிருக்கிறார்களாம்; உன் அம்மா சொன்னாள். ‘பரீட்சை முடிந்த கையோடு இவளுக்கு இது வேறு’ என்று அலுத்துக்கொண்டாலும் குரலில் பெருமை இருந்தது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா, கையிலிருக்கும் போனே போதுமா என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். போனில் பேசி முடிகிற சங்கதி இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

போனே போதும். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து வை. இப்போதைக்கு மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி ஒன்று இருந்தால் சரி. போன் படங்கள் புகை படிந்தது மாதிரி வெளிறி வருவதற்குப் பெரும்பாலும் லென்ஸில் ஒட்டிய விரல் பிசுக்குதான் காரணம். அப்புறம், எதை எடுக்கிறாயோ அதன் மேல் திரையில் விரலை அழுத்திப் பிடி. ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே நிற்கும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் படம் கொஞ்சம் இருளும். சித்திரை வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுக்கும்போது இது தெரியாவிட்டால் கரையும் மடிப்பும் போய் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஜூமைத் தொடாதே, கிட்டே நடந்து போ. கிட்டே போகக் கூச்சமாக இருக்கிறதா? அப்படியானால் முதலில் பேச்சுக் கொடு, படம் பிறகு எடுக்கலாம். கருவியைப் பற்றி இவ்வளவுதான். இதற்கு மேல் அதைப் பற்றியே பேசுகிறவர்கள் பெரும்பாலும் படம் எடுப்பதில்லை.

பந்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை உன் தெருவையே எடு. அதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், 1858இல் மதுரையைப் படமெடுத்தார். கோயில், புது மண்டபம், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அதில் உண்டு. மெழுகு பூசிய காகிதத்தில் எடுத்த படங்கள். அந்த முறையில் ஒளி பதிய நேரம் பிடிக்கும், நடந்து போகிறவர் பதியமாட்டார். அதனால் தூணும் கோபுரமும் அவ்வளவு துல்லியமாக இருக்க, ஊர் மட்டும் வெறிச்சென்று கிடக்கிறது. பூ விற்றவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், ஒன்றும் தெரியாது. அவரிடம் இல்லாத வேகம் உன் போனில் இருக்கிறது. கல் எங்கும் போய்விடாது. ஆளைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

அதே புது மண்டபத்தையே எடுத்துக்கொள். உன் அம்மாவின் பள்ளிக்கூடப் பாவாடை தைத்தது அங்கேதான். சிலைகளுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். புத்தகக் கடை, பாத்திரக் கடை, வளையல் கடை எல்லாம் அடுத்தடுத்து. இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிற்பங்களின் படம் வேண்டுமென்றால் ஆயிரம் கிடைக்கும். யாளித் தூணில் சாய்ந்தபடி பட்டன் கட்டிய தையல்காரர் படம் எத்தனை பேர் வீட்டில் இருக்கும்? தினமும் பார்ப்பதை யாரும் எடுத்து வைப்பதில்லை.

எடுத்தவர் ஒருவரைச் சொல்கிறேன். எம். பழனி குமார், மதுரை மாவட்டத்து ஜவஹர்லால்புரத்துக்காரர். கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகமான பாரியில் புகைப்படக்காரர். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் மீன் விற்கும் தன் அம்மாவையும் எடுத்த படங்களுக்காக அறியப்பட்டவர். அவர் படங்களை இணையத்தில் தேடிப் பார். வேலையும் களைப்பும் பட்டவர்த்தனமாக இருக்கும். இரக்கம் வாங்குகிற பாவனை இருக்காது. படத்தில் இருப்பவர் உன்னைப் பார்க்கிறாரா, நீ மட்டும் அவரைப் பார்க்கிறாயா என்பதைக் கவனி.

தெரு பழகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘பசுமை நடை’க்குப் போய் வா. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கியது. யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த காலம் அது. விடியற்காலையில் ஊருக்கு வெளியே ஒரு குன்றுக்குக் கூட்டமாக ஏறுவார்கள், தொல்லியல் தெரிந்தவர்கள் கல்வெட்டையும் சிற்பத்தையும் விளக்குவார்கள், இறங்கி வந்து மரத்தடியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். குழந்தை, பாட்டி, கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்து வருவதால் உனக்கும் துணை கிடைக்கும்.

உதாரணத்துக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரங்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து. இதை நேர் எதிரே நின்று, வெயில் நேராக அடிக்கும்போது எடுத்தால் பாறை தட்டையாகத் தெரியும், எழுத்து காணாமல் போகும். வெயில் பாறையை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வருகிற நேரத்துக்குக் காத்திரு. ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்து எழுத்து தானே எழுந்து நிற்கும். வெயில் தோதாக இல்லையென்றால் தோழியின் போன் டார்ச்சைப் பாறையை ஒட்டினாற்போல ஓரத்தில் பிடிக்கச் சொல். யாராவது சாக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுத்தாலோ, சிற்பத்தின் மேல் தண்ணீர் ஊற்றினாலோ தடுத்துவிடு. சின்னப் பெண் சொல்வதா என்று முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அங்கேயும் கல்லோடு நின்றுவிடாதே. படுக்கை வெட்டிய பாறையில் கால் நீட்டி மூச்சு வாங்கும் பாட்டி, கல்வெட்டைத் தடவிப் படிக்க முயலும் பையன், இலையில் உப்புமா வாங்க நிற்கும் வரிசை, எல்லாமே நடைதான். இப்படிச் சேரும் படங்கள் சும்மா கிடக்கும் என்று நினைக்காதே. நம் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள்; 2025 ஜனவரியில் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ரத்து செய்ய வைத்தது மக்கள் போராட்டம். ஆனால் ‘அந்த மொட்டை மலையில் என்ன இருக்கிறது’ என்று யாராவது கேட்டால், சுனையையும் வல்லூறையும் குடைவரைக் கோயிலையும் எடுத்துக் காட்ட, அங்கே நடந்தவர்களின் கையில் படங்கள் இருக்கும்.

இனிப் பந்தலுக்கு வருகிறேன். உனக்குச் சிக்கல் வரப்போவது இங்கேதான்.

அழகர் வருகிற வழியெங்கும் மண்டகப்படி. அதற்கு இடையிடையே நம்மைப் போன்றவர்களின் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும். உங்கள் பந்தலில் முதல் நாள் யார் யார் என்னென்ன தந்தார்கள் என்று ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். காலையில் ஒரு பிரமுகர் வந்து முதல் டம்ளர் கொடுப்பார். உன்னை முன்னால் இழுத்து நிறுத்தி, ‘எடும்மா, எடும்மா’ என்பார்கள். ஒரு டம்ளரை ஐந்து பேர் தொட்டுக்கொண்டு நிற்க, வாங்க வந்தவர் கை நீட்டியபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருப்பார். அவருக்குத் தாகம், இவர்களுக்குப் படம். நீ அதில் ஒன்றை மரியாதைக்கு எடுத்துவிடு. சண்டை போடாதே, அவர்கள் கொடுத்த காசில்தான் தயிர் வருகிறது. ஒன்றே போதும், சட்டென்று எடு, நகர்ந்துவிடு.

பிறகு உன் இடம் பந்தலுக்குப் பின்பக்கம். விடிவதற்கு முன்பே போய்விடு. தயிர் கடைகிற கை, பச்சை மிளகாயும் இஞ்சியும் நசுக்கும் அம்மி, கறிவேப்பிலை உருவுகிற பாட்டிமார், பானகத்துக்கு வெல்லம் தட்டுகிற பையன்கள், அண்டாவை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கும்போது கழுத்தில் புடைக்கிற நரம்பு. பந்தலை நடத்துவது இவர்கள்தான். ஃபிளெக்ஸில் இவர்கள் பேர் இருக்காது. உன் படத்தில் இருக்க வேண்டும். புளியோதரை கிளறும்போது அடுப்புக்கு எதிர்ப்பக்கம் போய், வெளிச்சம் உன் முகத்தைப் பார்த்து வருகிற மாதிரி நில். அப்போதுதான் ஆவி தெரியும். வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருந்தால் ஆவி இருந்த இடமே தெரியாது. அழகருக்குத் தோல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களை எடுக்கவும் இதே கணக்குதான். எதிர்வெயிலில் துளித்துளியாகச் சிதறும். போனை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்.

உச்சி வெயிலில் பந்தல் கீற்று இடுக்கு வழியாக முகங்களில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். அப்போது முகத்தை எடுக்காதே. கையை எடு, டம்ளரை எடு, சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை எடு. சாலை வெளுத்து முகம் கறுத்துப் போனால், சாலைக்கு முதுகு காட்டி நின்று பந்தலின் உட்புறம் பார்த்து எடு.

வாங்குகிறவர்களை எப்போது எடுப்பது? மோர்ப் பந்தலில் இது பெரிய பிரச்சினை இல்லை. அன்றைக்குப் பணக்காரரும் குடிப்பார், பாரம் இழுப்பவரும் குடிப்பார். குடிப்பவர் யாரும் யாசிப்பவர் இல்லை. எனவே குடித்து முடித்து வாயைத் துடைக்கிற கணம்வரை பொறு. நெஞ்சு குளிர்ந்த முகம் அதுதான். ஆனால் பந்தல் போடும் இதே தெரு மன்றத்தார் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள், மழைக் காலத்தில் போர்வை கொடுப்பார்கள். அதற்கும் உன்னைக் கூப்பிடுவார்கள். அங்கே என் கருத்து கறாரானது: கொடுக்கும் கையும் வாங்கும் முகமும் ஒரே படத்தில் வரக் கூடாது. அந்தப் பிள்ளை நாளைக்கு உன்னோடு ஒரே பஸ்ஸில் போகும். அதன் வகுப்புத் தோழர்களின் போனில் இந்தப் படம் சுற்றும். அடுக்கி வைத்த நோட்டுகளை எடு, பேர் எழுதி ஒட்டுகிறவர்களை எடு, புது நோட்டை முகர்ந்து பார்க்கும் பிள்ளையைப் பின்னாலிருந்து எடு. ‘பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே’ என்பார்கள். கணக்குக்கு ரசீது இருக்கிறது. முகம் ரசீது ஆகாது.

ரத்ததான முகாம் வேறு மாதிரி. கொடுப்பவர் பெருமையோடு போஸ் கொடுப்பார், தாராளமாக எடு. ஊசியை விட்டுவிட்டு, பந்தை அமுக்குகிற முஷ்டியை எடுத்தால் அடுத்த முறை வரத் தயங்குகிறவனும் வருவான். மருத்துவமனை வார்டுக்குள் போனைப் பைக்குள் வை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு போனே கொண்டுபோகக் கூடாது என்பதும் தெரிந்ததுதான். எனக்கு அது பழகிவிட்டது. சும்மா பார்ப்பதற்கும் கண்ணுக்குப் பயிற்சி வேண்டாமா?

யாராவது ‘எடுக்காதே’ என்று கையைக் காட்டினால் நிறுத்து. எடுத்துவிட்ட பிறகு சொன்னாலும் அவர் கண் முன்னாலேயே அழி. சின்னக் குழந்தை என்றால் கூட வந்த பெரியவர்களைக் கேள்.

அன்றைக்கு இரவே உட்கார்ந்து படங்களைக் கழி. இருநூறு எடுத்தால் இருபது தேறும், அது போதும். ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எந்த வருடம், என்ன செய்கிறார் என்று ஒரு வரி எழுது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் கீழ், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பழைய படங்களில் பட்டுப் புடவை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் பளிச்சென்று இருக்கும். உட்கார்ந்திருப்பவர் யாரென்று சொல்லத்தான் ஆள் இருக்காது. நம் வீட்டுப் பரண் டப்பாவிலும் அதே கதைதான். தாத்தாவுக்குப் பக்கத்தில் தொப்பி வைத்துக்கொண்டு நிற்பவர் யாரென்று உன் பாட்டியிடம் இந்த வாரமே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிவிடு.

மன்றத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்ட்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பத்திரப்படுத்த வேறு இடத்தில் ஒரு நகல் வை. ஆனால் மோர் கடைந்த பாட்டிமாருக்கும் அண்டா தூக்கியவர்களுக்கும் வாட்ஸ்அப் வேண்டாம். ஸ்டூடியோவில் 4×6 அளவில் பிரிண்ட் போட்டு, வீடு வீடாகப் போய் நீயே கையில் கொடு. கொடுக்கும்போது அவர்கள் சொல்லும் பேரையும் கதையையும் குறித்துக்கொண்டு வா. அடுத்த வருடம் பந்தலில் யாரை எங்கே தேடுவது என்று அதிலிருந்தே தெரியும். பிரிண்ட் செலவு என் பொறுப்பு. பில்லை அம்மாவிடம் கொடுத்து வை.

இப்படிக்கு,
மாமா